மூளைக்குள் எத்தனை கவுன்ட்டர்?

அக்கா பையன் கோவையில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணிக்கு போன்.

‘‘மாமா, தலை ரெண்டா பிளக்குது. பிரெய்ன் ட்யூமரா இருக்குமோ? நெட்ல போட்டுப் பார்த்தேன், அப்படித்தான் சொல்லுது!’’

நெட்டில் போட்டுப் பார்த்தால் கால் சுண்டுவிரல் அரிப்புக்குக்கூட கேன்சர் என்றுதான் வரும். அதனால் பதறாமல் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தேன்.

‘‘ராத்திரி தூங்கினியா?’’

‘‘நல்லா தூங்கினேன்.’’

‘‘பார்ட்டி, கீர்ட்டி..?’’

‘‘ஐயோ, இல்ல மாமா!’’ (பதில் கொஞ்சம் வேகமாகவே வந்தது. போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.)

‘‘புதுசா எதையாவது ஆரம்பிச்சியா... இல்ல, எதையாவது நிறுத்தினியா?’’

‘‘காபியை நிறுத்தினேன். ஒரு நாளைக்கு ஆறு காபி ஆயிடுச்சு. கேன்டீன் அக்கவுன்ட்டைப் பார்த்துட்டு அம்மா ஓவரா திட்டினாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரியோட கட்!’’

கேஸ் முடிந்தது. வெள்ளி ராத்திரியிலிருந்து ஞாயிறு காலை வரை கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 38 மணி நேரம். காபியைத் திடீரென்று விட்டவர்களுக்கு 12-லிருந்து 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும். 20-லிருந்து 51 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். இரண்டிலிருந்து ஒன்பது நாளுக்குள் அடங்கும். பையன் உச்சியில் உட்கார்ந்துகொண்டு போன் பண்ணியிருக்கிறான். ‘‘அரை டம்ளர் காபி குடிச்சுட்டு அரை மணி நேரம் கழிச்சுப் பேசு’’ என்றேன். பேசினான். ட்யூமர் போயே போச்சு!

சரி, காபியை விட்டால் ஏன் தலை வலிக்க வேண்டும்? காபிக்குள் இருக்கும் எதையோ மூளை ‘மிஸ்’ பண்ணுகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நிஜம் அதைவிட சுவாரஸ்யம். நீங்கள் காபி குடித்த அத்தனை நாளும் உங்கள் மூளை செல்கள் சும்மா இருக்கவில்லை. உங்களைக் கேட்காமலேயே வீட்டுக்குள் கட்டட வேலை பார்த்திருக்கின்றன.

கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். ஒரு நியூரான் அடுத்ததோடு ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. பெரும்பாலான இடங்களில் நடுவே ஒரு சின்ன இடைவெளி. சின்ன என்றால், ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் பாகமாக வெட்டினால் அதில் ஒன்று. அந்தச் சந்திப்புக்குப் பெயர் சினாப்ஸ். இந்தக் கரையில் இருக்கும் செல் ஒரு கெமிக்கலைத் துப்பும். அது நியூரோ டிரான்ஸ்மிட்டர். அந்தக் கரையில் இருக்கும் செல் அதைப் பிடிப்பதற்கென்றே தன் தோலில் சில புரோட்டீன்களைப் பதித்து வைத்திருக்கும். அவைதான் ரிசப்டர்கள். தமிழில் ஏற்பிகள் என்கிறார்கள்.

ரயில்வே ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கூட்டம் எவ்வளவு வந்தாலும் கவுன்ட்டர் எத்தனை திறந்திருக்கிறதோ, அத்தனை பேருக்குத்தான் ஒரே நேரத்தில் டிக்கெட். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாம் படித்ததெல்லாம் கூட்டத்தைப் பற்றித்தான். டோபமைன் ஏறியது, செரட்டோனின் இறங்கியது என்று சினிமா பாட்டு வரைக்கும் வந்துவிட்டது. கவுன்ட்டர் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால், ஸ்டேஷன் மாஸ்டர் மூளைக்காரர். கூட்டம் அதிகமானால் சில கவுன்ட்டரை இழுத்து மூடுவார். கூட்டமே வரவில்லை என்றால் கூடுதலாகத் திறப்பார். ஆமாம், தலைகீழாகத்தான்! நம்ம ஊர் ரயில்வே மாதிரி இல்லை.

இப்போது காபிக்கு வாருங்கள். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்று ஒரு சரக்கு சேரும். அது போய்த் தன் ரிசப்டரில் உட்கார்ந்தால் நமக்குக் கொட்டாவி வரும். காபியில் உள்ள கஃபீன் அந்த சீட்டில் தான் போய் உட்கார்ந்துகொண்டு, டிக்கெட்டும் எடுக்காமல், எடுக்க வருகிறவனையும் விடாமல் மறிக்கிறது. செல் பார்க்கிறது... ‘என்னடா, கவுன்ட்டர் திறந்திருக்கு, ஒருத்தனும் வரலையே!’ புதிதாகச் சில கவுன்ட்டர்களைத் திறக்கிறது. தினமும் கஃபீன் கொடுத்துப் பழக்கிய எலிகளின் மூளையில் அடினோசின் ரிசப்டர் அதிகமாகியிருப்பதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். ஒரு நாள் திடீரென்று காபி கட். அடினோசின் வழக்கம்போல வருகிறது. கவுன்ட்டரோ ஏகத்துக்குத் திறந்து கிடக்கிறது. அடினோசின் மூளையின் ரத்தக் குழாய்களை விரிக்கிற ஆசாமி வேறு. தலை விண் விண் என்று தெறிக்காமல் என்ன செய்யும்? கூடுதல் கவுன்ட்டர்கள் மூடப்பட சில நாள் ஆகும். அந்த ஒன்பது நாள் கணக்கு இதுதான்.

‘எண்ணியே பார்த்திருக்கிறார்கள்’ என்று சுலபமாக எழுதிவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத புரோட்டீனை எப்படி எண்ணுவது? இதற்கு உதவியது ஒரு பாம்பு.

1963-ல் தைவானில் சாங், லீ என்று இரண்டு விஞ்ஞானிகள் அந்த ஊர் கட்டுவிரியன் விஷத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். நம்ம ஊர் கட்டுவிரியனுக்குப் பங்காளி முறை. கடித்தால் முதலில் கண் இமை தொங்கும், பிறகு மூச்சு நிற்கும். அதிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த ஒரு புரோட்டீன், தசையில் உள்ள அசிட்டைல்கோலின் ரிசப்டரில் போய் ஒட்டினால் லேசில் விடாது. ஃபெவிகால்! நரம்பு ‘கையைத் தூக்கு’ என்று கத்தினாலும் தசைக்குக் காது கேட்காது. கொல்கிற இந்த குணமே ஆராய்ச்சிக்காரர்களுக்கு வரமாகிவிட்டது. விஷத்தில் கொஞ்சம் கதிரியக்க அயோடினைச் சேர்த்து தசைமேல் விட்டார்கள். எங்கெங்கே ரிசப்டரோ அங்கெல்லாம் அது ஒட்டிக்கொள்ளும். கதிர்வீச்சை அளந்தால் தலை எண்ணின மாதிரி.

அப்படி எண்ணியதில் ஒரு பழைய புதிருக்கு விடை கிடைத்தது. 1959-லேயே ஸ்வீடனில் ஆக்சல்சன், தெஸ்லெஃப் என்ற இரண்டு பேர் பூனையின் ஒரு தசைக்குப் போகிற நரம்பை வெட்டிவிட்டுப் பார்த்திருந்தார்கள். சாதாரணமாக நரம்பு வந்து தொடும் அந்த ஒரு புள்ளியில்தான் தசைக்கு அசிட்டைல்கோலின் உறைக்கும். நரம்பை வெட்டிய சில நாளில் தசை முழுக்க எங்கே தொட்டாலும் உறைத்தது. காரணம், பேசுகிற நரம்பு செத்துப்போனதும் தசை தன் உடம்பு முழுக்க ரிசப்டர்களை முளைக்கவிட்டிருக்கிறது. பதிலே வராத ஊரில் இருப்பவன் வாசலிலும் ஜன்னலிலும் மொட்டை மாடியிலும் தபால் பெட்டி மாட்டிவைத்த கதை. எனக்கு இதைப் படித்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மூளைக்குள்ளும் இதே கதைதான் என்று நிரூபித்தவர் ஜினா டுரிஜியானோ, அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்துக்காரர். 1998-ல் எலி மூளையின் நியூரான்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அதில் பஃபர் மீனின் விஷத்தை விட்டார் (நம் கடற்கரையில் பேத்தை என்பார்களே, அந்தக் குடும்பம்). நியூரான்கள் கப்சிப். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், ஒவ்வொரு சினாப்ஸும் முன்பைவிட பலமாக பதில் சொல்லத் தயாராக இருந்தது. எதிர்ப்பக்கமும் செய்து பார்த்தார். பிரேக் போடுகிற ரிசப்டர்களை மருந்தால் அடைத்து, நியூரான்களை இரண்டு நாள் கத்தவிட்டார். அவை ரிசப்டர்களைக் குறைத்துக்கொண்டு அடங்கிவிட்டன. வால்யூம் கன்ட்ரோல்! கிளாஸில் லெக்சரர் கத்தினால் நாம் காதைப் பொத்துகிறோம். அவர் முணுமுணுத்தால் முதல் பெஞ்சுக்காரன் காதைக் கூர்மையாக்குகிறான் (நாம் என்ன செய்வோம் என்பது வேறு விஷயம்).

இதில் கத்திய கெமிக்கல் குளூட்டமேட். மூளையின் தலைமைத் தபால்காரர். பேர் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தால், ஆமாம், ஃப்ரைடு ரைஸில் தூவுகிற அஜினோமோட்டோவில் இருக்கிற அதே சாமான்தான். உடனே பிளேட்டைத் தள்ளி வைக்காதீர்கள். சாப்பிடுகிற குளூட்டமேட் மூளைக்குள் போகாதபடி ரத்தக் குழாயிலேயே செக்போஸ்ட் இருக்கிறது.

குளூட்டமேட்டுக்கு இரண்டு முக்கியமான கவுன்ட்டர்கள். ஒன்று ஆம்பா ரிசப்டர். குளூட்டமேட் வந்ததும் படக்கென்று திறக்கும், கரன்ட் பாயும், அன்றாட வேலை அதனுடையது. இன்னொன்று என்.எம்.டி.ஏ ரிசப்டர். இது கொஞ்சம் கெத்து பார்ட்டி. இதன் வாயில் ஒரு மக்னீசிய அடைப்பு இருக்கும். குளூட்டமேட் மட்டும் வந்தால் திறக்காது. செல் அந்த நேரத்தில் ஏற்கெனவே உசுப்பப்பட்டும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நடந்தால்தான் அடைப்பு விலகி, கால்சியம் உள்ளே போகும். ‘இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் பேசினார்கள், முக்கியமான விஷயம்தான் போலிருக்கு’ என்று முடிவு செய்து செல் என்ன பண்ணும் தெரியுமா? உள்ளே பையில் கட்டி வைத்திருக்கும் ஆம்பா ரிசப்டர்களைக் கொண்டுவந்து அந்த சினாப்ஸில் நட்டுவிடும். அடுத்த தடவை அதே தகவல் வந்தால் பதில் சத்தமாக வரும். 1973-ல் பிளிஸ், லோமோ என்ற இரண்டு பேர் முயல் மூளையில் கண்டுபிடித்த இந்தப் ‘பலப்படுதல்’தான் ஞாபகத்தின் அஸ்திவாரம் என்பது இன்றைய நம்பிக்கை. எழுத்து எழுதுகிற பேனா என்.எம்.டி.ஏ என்றால், எழுதப்படுகிற மை ஆம்பா.

நட்ட ரிசப்டரும் நட்ட இடத்தில் நிற்பதில்லை. பிரான்ஸில் போர்தோ நகரத்து டேனியல் ஷொகே குழு ரிசப்டர்களோடு குட்டி மணிகளை ஒட்டவைத்து மைக்ராஸ்கோப்பில் பின்தொடர்ந்தது. அவை செல்லின் தோலில் தெரு சுற்றிக்கொண்டே இருக்கின்றன, சினாப்ஸ் வந்தால் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டு நிற்கின்றன, மறுபடி கிளம்பிவிடுகின்றன. ராத்திரி நாம் தூங்கும்போது இன்னொரு வேலையும் நடக்கிறது. 2017-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு தூங்குகிற எலிகளின் சினாப்ஸ்களைப் பார்த்தது. ஆம்பா ரிசப்டர்கள் சுமார் 20 சதவிகிதம் குறைந்திருந்தன. பகலில் கிறுக்கித் தள்ளியதை ராத்திரி கொஞ்சம் அழித்து மறுநாளைக்கு இடம் பண்ணுகிற வேலை என்பது அவர்கள் கணிப்பு. செமஸ்டர் முந்தின ராத்திரி விடிய விடியப் படிக்கிற கட்சிக்காரர்கள் இதைப் பரிசீலிக்கலாம். நானும் அந்தக் கட்சிதான், அரியரும் வைத்தேன்.

இது வரைக்கும் ஜாலி. இனி வருவது ஜாலி இல்லை.

நான் காலேஜில் படித்தது 90-களின் ஆரம்பத்தில். எங்கள் வகுப்பில் ஒரு பெண். முதல் பெஞ்ச், அமைதி, நோட்ஸ் கேட்டால் முகம் சுளிக்காமல் தருவாள். மூன்றாவது செமஸ்டரில் ஒரு வாரம் காய்ச்சல் என்று ஹாஸ்டலில் படுத்தாள். திரும்பி வந்தவள் வேறு ஆள். தூக்கமே இல்லை. நடு ராத்திரி எழுந்து சத்தமாகப் பேசினாளாம், காரணமே இல்லாமல் சிரித்தாளாம். வார்டன் தன் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார் என்றாளாம். பிறகு வாயை எதையோ மெல்லுகிற மாதிரி ஓயாமல் அசைக்க ஆரம்பித்தாள். அதை நானே பார்த்தேன். ஒரு நாள் வலிப்பு. அடுத்த நாள் கல் மாதிரி உட்கார்ந்துவிட்டாள். கண் திறந்திருக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை.

ஹாஸ்டலில் இரண்டு கட்சி. ஒன்று பேய்க் கட்சி, இன்னொன்று காதல் தோல்விக் கட்சி. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நான் இரண்டாவது கட்சி. எந்தப் பையன் என்றுகூட ஆராய்ச்சி பண்ணினோம். அவள் அப்பா ஒரு வாடகை காரில் வந்தார். மந்திரிக்கிற இடத்துக்கு அழைத்துப் போவதாக வார்டனிடம் சொல்லிவிட்டுக் கூட்டிப் போனார். அவள் திரும்பி வரவில்லை. சில மாதம் கழித்து இறந்துவிட்டாள் என்று ஒரு தகவல், இல்லை வீட்டிலேயே இருக்கிறாள் என்று ஒரு தகவல். பரீட்சை வந்தது, மறந்துவிட்டோம்.

2009. நியூயார்க். சூசன்னா கஹாலன், ‘நியூயார்க் போஸ்ட்’ பத்திரிகையின் நிருபர், வயது 24. முதலில் வீட்டில் மூட்டைப்பூச்சி இருப்பதாக ஒரு சந்தேகம். பிறகு கை மரத்துப்போனது. தூக்கம் போனது. ஆபீஸில் அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தது. எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற பயம். வலிப்பு. ஒரு டாக்டர் ‘குடி அதிகம், டென்ஷன்’ என்று எழுதி அனுப்பினார். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகும் ரத்தம், ஸ்கேன் எல்லாம் நார்மல், நார்மல், நார்மல். மனநோய் வார்டுக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு வரைக்கும் போனது.

அப்போது வந்தவர் சோஹெல் நஜ்ஜார் என்ற நரம்பியல் டாக்டர். ஒரு பேப்பரையும் பேனாவையும் கொடுத்து, ‘ஒரு கடிகாரம் வரைந்து, அதில் நம்பர் போடுங்கள்’ என்றார். சூசன்னா வட்டம் போட்டார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா நம்பரையும் வலது பக்கப் பாதியிலேயே நெருக்கி அடைத்து எழுதினார். இடது பாதி காலி! பல லட்சம் ரூபாய் மெஷினுக்குத் தெரியாதது ஒரு பேப்பரில் தெரிந்துவிட்டது. இடது பக்கத்து உலகத்தைக் கவனிப்பது மூளையின் வலது பாதி. அங்கே ஏதோ வீங்கி எரிந்துகொண்டிருக்கிறது. இது மனசின் பிரச்னை இல்லை, மூளையின் பிரச்னை.

அவருடைய தண்டுவட நீர் பென்சில்வேனியாவில் ஜோசப் டால்மாவ் என்ற ஸ்பானிய டாக்டரின் லேபுக்குப் போனது. இரண்டே வருடம் முன்னால், 2007-ல், டால்மாவ் 12 பெண்களைப் பற்றி எழுதியிருந்தார். வயது 14-லிருந்து 44 வரை. எல்லோருக்கும் இதே கதை: திடீர் பைத்தியம், வலிப்பு, உறைந்துபோதல். எல்லோருக்கும் டெரட்டோமா என்ற ஒரு வகைக் கட்டி, அநேகமாக சினைப்பையில். டெரட்டோமா ஒரு விசித்திரமான கட்டி. அதற்குள் முடி இருக்கும், பல் இருக்கும், சில சமயம் நரம்புத் திசுவும் இருக்கும். ‘சினைப்பையில் மூளைக்கு என்ன வேலை?’ என்று உடம்பின் போலீஸ் சந்தேகப்பட்டு, அதன் மேலிருக்கும் ஒரு புரோட்டீனுக்கு எதிராக ஆன்டிபாடி தயார் செய்கிறது. அந்தப் புரோட்டீன்தான் என்.எம்.டி.ஏ ரிசப்டர். போலீஸ் கையில் போட்டோ கிடைத்துவிட்டது. அதே முகம் மூளை முழுக்க இருக்கிறதே! (கட்டியே இல்லாமலும் இது வரும். சூசன்னாவுக்குக் கட்டி இல்லை.)

இங்கேதான் நம் ஸ்டேஷன் மாஸ்டர் மறுபடி வருகிறார். ஆன்டிபாடி அந்த ரிசப்டரை உடைக்கிறது, நியூரானைக் கொல்கிறது என்று நினைத்தால், அதுதான் இல்லை. ஆன்டிபாடிக்கு இரண்டு கை. ஒரு கையால் ஒரு ரிசப்டரையும் மறு கையால் பக்கத்து ரிசப்டரையும் பிடிக்கிறது. இப்படி ஜோடி ஜோடியாக விலங்கு மாட்டப்பட்ட ரிசப்டர்களைப் பார்த்ததும் நியூரான், ‘சரி, இதை உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது’ என்று தப்பாகப் புரிந்துகொண்டு தானே விழுங்குகிறது. கவுன்ட்டர் மூடுவதற்கென்று செல்லிடம் ஏற்கெனவே இருக்கிற ஏற்பாட்டையே எதிரி உபயோகப்படுத்திக்கொள்கிறான். 2010-ல் டால்மாவ் குழு இதைக் கண்ணாடித் தட்டில் செய்து காட்டியது. ஆன்டிபாடியை வெட்டி ஒரு கையோடு விட்டால் ரிசப்டர் குறையவில்லை. இன்னொரு ஆன்டிபாடியால் அந்த ஒற்றைக் கைகளை ஜோடி சேர்த்ததும் குறைந்தது.

தசையில் இதே திருட்டு வேலையை 1970-களிலேயே பிடித்திருந்தார்கள். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய், 80-களில் அமிதாப் பச்சனுக்கு வந்ததே, அதுதான். மாலையானால் இமை தொங்கும், கை கால் சோர்ந்துவிடும். 1973-ல் அமெரிக்காவில் அந்த நோயாளிகளின் தசையை அதே கட்டுவிரியன் விஷத்தைவைத்து எண்ணியபோது, இருக்க வேண்டிய ரிசப்டரில் 11-லிருந்து 30 சதவிகிதம்தான் இருந்தது. அங்கேயும் ஆன்டிபாடியின் அதே இரண்டு கை. ஆனால், தசை சோர்ந்தால் ‘பாவம், உடம்பு சரியில்லை’ என்கிறோம். மூளை சோர்ந்தால் பேய் என்கிறோம்.

என்.எம்.டி.ஏ கவுன்ட்டர்கள் மூடினால் ஏன் மனிதர் இப்படி ஆகிறார்? ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்துக்குத் தருகிற கெட்டமைன் இந்த ரிசப்டரைத்தான் அடைக்கிறது. கொஞ்சமாகத் தந்தால் பிரமைகள், அதிகமானால் உறைந்துபோதல். நோயில் உடம்பு அதே மருந்தைத் தனக்குத் தானே, வாரக்கணக்கில், அளவில்லாமல் ஏற்றிக்கொண்ட மாதிரி.

பெர்லின் மிருகக்காட்சி சாலையில் க்நூட் என்று ஒரு பனிக்கரடி இருந்தது ஞாபகமிருக்கிறதா? தாய் ஒதுக்கியதால் மனிதர்கள் பால் புகட்டி வளர்த்த குட்டி, உலகம் பூராவும் ஃபேமஸ். 2011 மார்ச்சில், நான்கே வயதில், நூற்றுக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுழன்று சுழன்று வலிப்பு வந்து குளத்தில் விழுந்து இறந்தது. நான்கு வருடம் காரணம் புரியவில்லை. 2015-ல் பத்திரமாக வைத்திருந்த அதன் தண்டுவட நீரைச் சோதித்தார்கள். இதே ஆன்டிபாடி! பனிக்கரடிக்கு எந்தப் பேய் பிடித்தது?

இனி நல்ல செய்தி. மூடின கவுன்ட்டர் திறக்கும். கண்ணாடித் தட்டிலிருந்து ஆன்டிபாடியைக் கழுவிவிட்டால் நியூரான் சில நாளில் ரிசப்டர்களை மறுபடி வெளியே கொண்டுவருகிறது. மனிதரிலும் அதே. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், ரத்தத்தின் பிளாஸ்மாவைச் சுத்தம் செய்வது, கட்டி இருந்தால் எடுத்துவிடுவது என்று வைத்தியம். 2013-ல் 577 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஐந்தில் நான்கு பேர் பெண்கள். சரிபாதிப் பேர் 21 வயதைத் தாண்டாதவர்கள், அதாவது உங்கள் செட்! தொடர்ந்து கவனித்தவர்களில், இரண்டு வருடத்தில் ஐந்துக்கு நான்கு பேர் நன்றாகத் தேறிவிட்டார்கள். சீக்கிரம் வைத்தியம் ஆரம்பித்தவர்கள் அதிகம் தேறினார்கள். சிலர் இறந்தும்போனார்கள்.

அதனால் உங்கள் ரூம்மேட்டோ, கிளாஸ்மேட்டோ சில நாளில், சில வாரத்தில் ஆளே மாறிப்போய், கூடவே வலிப்பு, வாய் கோணுதல், கை கால் விநோதமாக அசைதல், பேச்சு குறைதல், ஞாபகம் தப்புதல் என்று ஏதாவது சேர்ந்தால், நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லுங்கள். தண்டுவட நீரில் இந்த ஆன்டிபாடியைத் தேடுகிற டெஸ்ட் இந்தியாவிலும் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இந்த நோயாளிகளைக் குணப்படுத்தி அனுப்புகிறார்கள். அதற்காகக் கொஞ்சம் டல்லாக இருக்கிற ஃப்ரெண்டை எல்லாம் ஊசிக்கு இழுத்துப் போக வேண்டாம். மனச்சோர்வும் மனச்சிதைவும் இதைவிட பல மடங்கு பரவலானவை. அவற்றுக்கு மனநல டாக்டர்தான் சரி. அவர்களும் டாக்டர்தான், அதுவும் வியாதிதான்.

சூசன்னா சில மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். 2012-ல் ‘பிரைன் ஆன் ஃபயர்’ என்று புத்தகம் எழுதினார், படமாகவும் வந்தது. அந்த ஒரு மாதத்தைப் பற்றி எழுத அவர் ஒரு நிருபர் வேலையே பார்க்க வேண்டியிருந்தது. அப்பாவின் டைரி, டாக்டர்களின் பேட்டி, ஆஸ்பத்திரி கேமராவில் பதிவான தன் வீடியோ. ஏனென்றால், அவருக்கு அநேகமாக ஒன்றும் ஞாபகமில்லை. எழுதுகிற பேனாவை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ரிசப்டர்கள் திரும்பி வந்துவிட்டன. எழுதப்படாத பக்கம் எழுதப்படாததுதான்.

இதையெல்லாம் அக்கா பையனிடம் சொன்னேன். அவன் இப்போது நாளைக்கு இரண்டு காபியில் நிற்கிறான். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, ‘‘அப்ப உங்க கிளாஸ் அக்காவுக்கு இதுதானா மாமா?’’ என்றான்.

தெரியாது. பார்த்ததை வைத்து முப்பது வருஷம் கழித்து வியாதி சொல்ல நான் யார்? இதுவாகவே இருந்திருந்தாலும் அன்றைக்கு உலகத்தில் எந்த டாக்டருக்கும் இந்தப் பெயர் தெரியாது. ஆனாலும் மனசு கேட்காமல் போன வாரம் எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் அவள் பெயரைப் போட்டு, ‘யாருக்காவது தகவல் தெரியுமா?’ என்று கேட்டேன். அறுபத்திரண்டு பேர் இருக்கிற குரூப். குட்மார்னிங்குக்கு நாற்பது பதில் வருகிற இடம். ஒரே ஒருத்தி மட்டும் தனி மெசேஜ் அனுப்பினாள்: ‘அவ கெமிஸ்ட்ரி நோட்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு. யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியல.’